வீட்டுக்குள் அச்சாகும் துப்பாக்கி: சட்டம் எதைப் பிடிப்பது?

பிரிட்டனின் ஷெஃபீல்டு நீதிமன்றத்தில் 2025 மே மாதம் மூன்று பேர் பயங்கரவாதக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயினர். மூவரும் நாஜிக் கொள்கையில் ஊறியவர்கள். இணையத்தில் அறிமுகமாகிக் குழு அமைத்தவர்கள். லீட்ஸ் நகரிலுள்ள ஓர் இஸ்லாமியக் கல்வி மையத்தைத் தாக்குவது பற்றி அவர்கள் பேசி வந்தனர். அவர்களிடமிருந்து வாள், குறுக்குவில் என 200க்கும் மேற்பட்ட ஆயுதங்கள் கைப்பற்றப்பட்டன. அவற்றுள் ஒன்று மட்டும் எந்தக் கடையிலும் வாங்கியதல்ல. அது த்ரீ-டி பிரிண்டரில் பெரும்பகுதி அச்சிடப்பட்டிருந்த ஒரு துப்பாக்கி. மீதிப் பாகங்களைத் தேடிக்கொண்டிருந்த நிலையில்தான் அவர்கள் கைதாயினர்.

துப்பாக்கிச் சட்டம் மிகக் கடுமையாக உள்ள நாடுகளில் ஒன்று பிரிட்டன். அங்கேயே இது நடக்கிறது என்றால், சட்டத்தின் பிடி எங்கே நழுவுகிறது என்று நாம் கேட்டாக வேண்டும்.

இதுவரை உலக நாடுகளின் துப்பாக்கிச் சட்டங்கள் ஓர் எளிய கணக்கில் இயங்கி வந்தன. துப்பாக்கி தொழிற்சாலையில் உருவாகும், வரிசை எண் பெறும், கடைக்கு வரும். உரிமம் உள்ளவர் வாங்குவார். இந்தச் சங்கிலியில் ஏதாவது ஒரு கண்ணியில் அரசு கை வைக்கலாம். வீட்டில் அச்சிடப்படும் துப்பாக்கிக்குத் தொழிற்சாலையும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை, வாங்குபவர் பட்டியலும் இல்லை. எல்லை கடந்து வருவது ஒரு கணினிக் கோப்பு மட்டுமே.

2013 மே மாதம் அமெரிக்காவில் கோடி வில்சன் என்பவர் 'லிபரேட்டர்' என்ற கைத்துப்பாக்கியின் வரைபடக் கோப்பை இணையத்தில் வெளியிட்டார். அதை நீக்குமாறு அமெரிக்க வெளியுறவுத் துறை உத்தரவிடுவதற்குள் ஒரு லட்சம் தடவைக்கு மேல் அது பதிவிறக்கப்பட்டுவிட்டது. பறிமுதல் செய்த துப்பாக்கியை உருக்கிவிடலாம். பரவிவிட்ட கோப்பை யாரிடமிருந்து பறிமுதல் செய்வது?

நாடுகள் வெவ்வேறு வழிகளில் இதை எதிர்கொள்கின்றன. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2015லேயே வரைபடக் கோப்பை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2021ல் நிறைவேற்றிய சட்டமும் அவ்வாறே சொல்கிறது. அமெரிக்காவிலோ, கணினிக் குறியீடும் பேச்சுதான், எனவே அதற்குக் கருத்துரிமைப் பாதுகாப்பு உண்டு என்ற வாதம் நீதிமன்றங்களில் வைக்கப்படுகிறது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில், பாகங்களாக விற்கப்படும் துப்பாக்கித் தொகுப்புகளுக்கும் வரிசை எண்ணும் வாங்குபவரின் பின்னணிச் சோதனையும் வேண்டும் என்ற 2022ஆம் ஆண்டு விதியை 7-2 என்ற கணக்கில் ஏற்றது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அது விற்பனையைத்தான் கட்டுப்படுத்துகிறது. எதையும் வாங்காமல் தன் அறையிலேயே அச்சிடுபவரை அது எட்டாது.

இந்த ஆயுதம் யாருக்கு எதிராகத் திரும்புகிறது என்பதையும் நாம் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் ஹாலே நகரில் 2019 அக்டோபர் 9 அன்று ஒரு வலதுசாரிப் பயங்கரவாதி, யூதர்களின் புனித நாளில் அவர்களது வழிபாட்டுத் தலத்துக்குள் நுழைய முயன்றான். கதவு திறக்கவில்லை. வெளியே சாலையில் சென்ற ஒரு பெண்ணையும், பிறகு ஒரு கபாப் கடையில் இருந்த ஓர் இளைஞரையும் சுட்டுக் கொன்றான். அவன் கொண்டுவந்தவற்றில் சொந்தமாகச் செய்த துப்பாக்கிகளும் இருந்தன; சில பாகங்கள் பிரிண்டரில் அச்சானவை. அவை பலமுறை சிக்கிக்கொண்டதால் பல உயிர்கள் தப்பின. முதலில் பள்ளிவாசலைத் தாக்கவும் யோசித்ததாக அவனே எழுதி வைத்திருந்தான். வீட்டில் செய்த ஆயுதங்களும் பயன்படும் என்று நிரூபிப்பதும் தன் நோக்கம் என்று அதே குறிப்பில் கூறியிருந்தான். யூதர்களையும் முஸ்லிம்களையும் ஒரே வெறுப்பு குறிவைக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அப்படியானால் பிரிண்டரையே தடை செய்துவிடலாமா? கூடாது. செயற்கைக் கை, பல் மருத்துவ அச்சு, கல்லூரி மாணவரின் செய்முறைப் பாடம் என அதன் நற்பயன்கள் ஏராளம். பிரிண்டர் வைத்திருப்பவர் எல்லோரையும் சந்தேகிக்கத் தொடங்கினால், அந்தச் சந்தேகம் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டும் என்பது சிறுபான்மையினராகிய நமக்குத் தெரியாததல்ல.

சட்டம் பிடிக்க வேண்டிய இடங்கள் வேறு. தோட்டாவை வீட்டு பிரிண்டரில் அச்சிட முடியாது. அதன் விற்பனையைக் கண்காணிக்கலாம். அழுத்தம் தாங்கும் உலோகப் பாகங்களின் விற்பனையையும் கண்காணிக்கலாம். கோப்புகளைப் பரப்பும் தளங்களைப் பொறுப்பேற்க வைக்கலாம். இவை எதுவும் முழுத் தீர்வல்ல. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு தடை.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. ஷெஃபீல்டு வழக்கில் அம்மூவரையும் பிடிக்க உதவியது உரிமப் பதிவேடு அல்ல. அவர்களது இணையக் குழுவுக்குள் மாறுவேடத்தில் ஊடுருவிய ஒரு காவல் அதிகாரிதான். வெறுப்புப் பேச்சை 'இளைஞர்களின் வெட்டிப் பேச்சு' என்று தள்ளிவிடாமல், அது ஆயுதமாக மாறும் முன்பே கவனித்ததால்தான் பல உயிர்கள் காக்கப்பட்டன.

துப்பாக்கி அச்சாவதற்கு முன் வெறுப்பு அச்சாகிறது. முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்பை அரசுகள் மற்றப் பயங்கரவாதங்களுக்கு இணையாகக் கருதி அதே அக்கறையுடன் கண்காணிக்க வேண்டும். நாமும் நம் பள்ளிவாசல்களுக்கு வரும் மிரட்டல்களை 'யாரோ பைத்தியக்காரன்' என்று அழித்துவிடாமல் பதிவு செய்து, புகாராகக் கொடுத்துவிட வேண்டும்.