திருடனுக்குக் கோயில் கட்ட வேணாம்!

கிரீன் டே பத்தி பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் இந்தக் கதையை எடுத்து விடுவார். "டேப்பைத் திருடினவனுக்குக் கோயில் கட்டணும்யா. அவன் இல்லைன்னா 'அமெரிக்கன் இடியட்' ஆல்பமே வந்திருக்காது." கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு இதுல உடன்பாடு இல்லை.

கதை தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா: கிரீன் டே கலிபோர்னியாக்காரங்க. பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங், மைக் டிர்ண்ட், ட்ரே கூல்னு மூணு பேர். பங்க் வேகம், வாயில ஒட்டிக்கிற மெட்டு, குட்டிக் குட்டிப் பாட்டு. 1994-ல் வந்த 'டூக்கி' அமெரிக்காவுல மட்டும் ஒரு கோடிக்கு மேல வித்துச்சு. 2000-ல் வந்த 'வார்னிங்' அந்த அளவுக்குப் போகலை. 2003-ல் 'சிகரெட்ஸ் அண்ட் வேலண்டைன்ஸ்'னு அடுத்த ஆல்பத்தைக் கிட்டத்தட்ட முடிச்ச நேரத்துல, மாஸ்டர் டேப்பெல்லாம் திருட்டுப் போச்சுன்னு அவங்களே சொல்லியிருக்காங்க.

நம்மாளுங்க கதையை இங்கேயே நிறுத்திடறாங்க. தொலைஞ்சது டேப்பு, பாட்டு இல்லையே! மெட்டும் வரியும் மண்டையில இருக்குமே. அந்த ஆல்பத்தோட தலைப்புப் பாட்டைப் பல வருஷம் கழிச்சு மேடையில வாசிச்சாங்க; 2011-ல் வந்த லைவ் ஆல்பத்துலயும் அது இருக்கு. ஆக, நினைச்சிருந்தா திரும்ப ரெக்கார்ட் பண்ணியிருக்கலாம்.

பண்ணலை. தயாரிப்பாளர் ராப் கவல்லோ ஒரு கேள்வி கேட்டார்: போனதுதான் உங்க பெஸ்ட்டா? ஆமான்னு மனசாட்சிப்படி சொல்ல முடியலை. அத்தனையையும் விட்டுட்டுப் புதுசா ஆரம்பிச்சாங்க. ஆல்பம் பிறந்தது இந்த இடத்துலதான்.

ஆணி புடுங்குற நமக்கு இதோட கஷ்டம் நல்லாவே புரியும். ஹார்ட் டிஸ்க் மண்டையைப் போட்டு ஒரு வாரக் கோடு காலின்னா என்ன செய்வோம்? ஞாபகத்துல இருக்கறதை அப்படியே திரும்ப அடிப்போம். 'இந்த இடம் சரியில்லையே'ன்னு முன்னாடியே உறுத்தினதைக்கூட மாத்த மாட்டோம். தொலைச்சது மேல ஒரு பாசம் வந்துடும், அது சுமாரா இருந்தாலும்!

புதுசா என்ன செஞ்சாங்க? மைக் தனியா உக்காந்து 30 செகண்ட் பாட்டு ஒண்ணு போட, மத்தவங்க ஆளுக்கொரு துண்டைப் பின்னாடி ஒட்ட, விளையாட்டா வளர்ந்தது 9 நிமிஷ 'ஹோம்கமிங்'. அஞ்சு பாகமா 9 நிமிஷம் ஓடற 'ஜீசஸ் ஆஃப் சபர்பியா'வை ரெண்டாவது பாட்டாவே வெச்சாங்க. ஈராக் போர் நடந்துட்டிருந்த நேரம், அதிபர் தேர்தலுக்குச் சரியா ஆறு வாரம் முன்னாடி, 2004 செப்டம்பர் 21-ல் அமெரிக்காவுல ரிலீஸ். பில்போர்டு 200-ல் அவங்களோட முதல் நம்பர் 1 இதுதான். 2005-ல் சிறந்த ராக் ஆல்பம் கிராமி, 2010-ல் பிராட்வே மேடை.

குறையே இல்லையான்னா, இருக்கு. பாதிக்கு மேல கதை எங்க போகுதுன்னு புரியாது. ஆனா பயந்து பயந்து போட்ட பாட்டு ஒண்ணுகூட இல்லை.

திருட்டு அவங்களுக்குக் கொடுத்தது கொஞ்சம் இடைவெளி, அவ்வளவுதான். கையில இருந்ததைப் 'போதாது'ன்னு சொன்னது அவங்க. பாராட்டைத் திருடன் கணக்குல எழுதாதீங்க மக்களே.

டிஸ்கி: என் ஓட்டு 'லெட்டர்பாம்' பாட்டுக்கு. 'பூலவார்ட் ஆஃப் புரோக்கன் ட்ரீம்ஸ்'தான் பெஸ்ட்னு சண்டைக்கு வர்றவங்களுக்குப் பின்னூட்டப் பெட்டி திறந்தே இருக்கு :-)