புகையில்லா இயந்திரமும் கிணற்று முறையும்

வீதியில் ஓடும் வண்டிக்கு விதி உண்டு; வீதிக்கு வராத இயந்திரத்துக்கு அது இல்லை. நம் நாட்டில் 2008ஆம் ஆண்டு தொடக்கம் வாகனங்களுக்குப் புகைப் பரிசோதனை நடைபெறுகின்றது. அச்சான்றிதழ் இன்றேல் வருடாந்த வரி அனுமதிப்பத்திரம் கிடையாது. கிணற்றடியில் நின்று இரையும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கோ அவ்வனுமதிப்பத்திரமே வேண்டுவதில்லை. ஆதலின் அதன் புகையைக் கேட்பாரும் இல்லை.

பிற நாடுகளிற் கேட்கத் தொடங்கிவிட்டனர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2021 டிசம்பரில் ஒரு விதி செய்தது. புல்வெட்டி, இலையூதி முதலிய சிறு பொறிகளுள், 2024ஆம் ஆண்டு மாதிரி முதலாகப் புதிதாய் விற்கப்படுபவற்றுட் பெரும்பாலானவை புகையற்றனவாய் இருத்தல் வேண்டும் என்பது அவ்விதி. நோர்வேயின் தலைநகராகிய ஒஸ்லோ, தன் மாநகர சபையின் கட்டட வேலைத்தளங்களில் 2025 சனவரி முதல் புகையில்லா இயந்திரங்களே இயங்கவேண்டும் என வகுத்தது. இலங்கை அரசும் 2050ஆம் ஆண்டளவில் கரி வெளியேற்றத்தை நிகர அளவில் இல்லாதாக்குவதாக உலகுக்கு வாக்களித்துள்ளது. அவ்வாக்கு வீதியோடு நின்றுவிடாது, தோட்டத்துக்கும் வரும். வருங்கால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எவ்வடிவில் வருதல் வேண்டும் என்பதே இங்கு ஆராயற்பாலது.

மாற்றம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியை நாம் மறந்திலோம். மண்ணெண்ணெய்க் கொள்கலனோடு கமக்காரரும் கடற்றொழிலாளரும் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே நாளில் உயர்ந்தது. குப்பிழானிலும் புன்னாலைக்கட்டுவனிலும் வெங்காயம் நட்டவன், எங்கோ விளையும் எண்ணெய்க்குத் தன் பயிரைப் பணயம் வைத்தவனானான். மேலே ஆண்டு முழுவதும் எறிக்கும் வெயில், கீழே நீர். இரண்டுக்கும் இடையே இறக்குமதி எண்ணெய் எதற்கு என்னும் வினா நியாயமானதே.

எண்ணெயும் நிலத்தடி நீரும் அண்டையில் இருத்தல் ஆகாது என்பதற்குச் சுன்னாகம் சான்று. அங்கு மின்நிலையத்தை அடுத்த ஊர்களின் கிணறுகளில் எண்ணெய் மாசு கண்ட விவகாரம் 2015இல் உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. 2019 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, அந்நிலையத்தை நடத்திய தனியார் நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தவேண்டும் எனப் பணித்தது. தீர்ப்பு நன்று. எனினும் அது கிணறு கெட்டபின் வந்த நீதி. கெடுமுன் வருவதே விதி.

ஆனால், புகையை மட்டும் நோக்கி விதி செய்வோமாயின் நம் குடாநாட்டில் ஒரு நோயைத் தீர்த்து மற்றொரு நோயை வரவழைத்தவராவோம். காரணம் கூறுவேன்.

நமக்கு வற்றாத ஆறு இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழையே சுண்ணக்கற் பாறையின் துளைகளில் இறங்கித் தங்குகின்றது. அந்நன்னீர், கடலோடு தொடர்புடைய உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதக்கின்றது. நிலாவரைக் கிணற்றின் மேல்நீர் நன்னீராயும் ஆழத்துநீர் உவராயும் இருத்தலை ஊரார் அறிவர். நன்னீர் மட்டம் 1 அடி தாழின் உவர்நீரின் எல்லை ஏறக்குறைய 40 அடி உயரும் என்பது நீரியலார் கோட்பாட்டளவில் கூறும் கணக்கு. ஆகவே நம் கிணற்றில் மிகையாக அள்ளும் ஒவ்வோர் அடியும் கடலை அழைக்கும் அழைப்பாகும்.

துலாவிருந்த காலத்தில் இவ்வச்சம் இல்லை. மேலே துலா மிதிப்போர், கீழே பட்டை பிடிப்போர், பாத்தியில் தண்ணீர் மாறுவோர் எனப் பலர் கூடினாலன்றி இறைப்பு நடவாது. மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. துலா என்னும் சொல் நிறைகோலையும் குறிக்கும். அது கிணற்றடியிலும் நிறுத்தே கொடுத்தது. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப்பின் எண்ணெய் இயந்திரம் வந்தது, களைப்பு நீங்கியது, காவலும் நீங்கியது. எஞ்சிய காவல் எண்ணெயின் விலை ஒன்றே. 1990இன் பின் பொருளாதாரத் தடையால் எண்ணெய் அருமையானபோது, இயந்திரம் வைத்திருந்தோரும் அளந்தளந்தே இறைத்ததை என் இளமையிற் கண்டுள்ளேன்.

இனிக் கதிரவன் வருகின்றான். அவன் விலை கேட்பதில்லை. தகட்டையும் மோட்டாரையும் வாங்கிப் பொருத்திய பின் ஒரு மணிநேரம் இறைத்தாலும் எட்டு மணிநேரம் இறைத்தாலும் செலவு ஒன்றே. இறைத்தல் என்னும் நம் சொல்லுக்கு நீர் முகத்தல் என்பதோடு, வீணே சிதறுதல் என்னும் பொருளும் உண்டு. முதற்பொருள் இரண்டாம் பொருளாக மாறாதிருக்க யாது செய்வது?

இந்தியாவின் குசராத்து மாநிலத்திலுள்ள துண்டி என்னும் சிற்றூர் ஒரு வழி காட்டியது. கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட அனைத்துலக நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் துணையோடு, 2016ஆம் ஆண்டளவில் அவ்வூர் உழவர் சிலர் கூட்டுறவு அமைத்துச் சூரிய மின்னால் நீர் இறைத்தனர். இறைத்தது போக எஞ்சிய மின்னை மின்வாரியத்துக்கு விற்றனர். மேலதிகமாக இறைப்பது அவர்க்கு நட்டமாயிற்று; மிச்சம் பிடிப்பது வருவாயாயிற்று. போன காவல் வேறு வடிவில் வந்தது. கொழும்பிலிருந்து குசராத்துக்குச் சென்ற அறிவு யாழ்ப்பாணத்துக்கு வரலாகாதா?

நமக்கோ மற்றொரு முதுசமும் உண்டு. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமை நம் சொத்துரிமை வழக்குகளை எழுத்தில் நிறுத்தியது. கிணற்றில் பங்கு, வாய்க்காலில் உரிமை, இறைப்பில் முறை என்பன இன்றும் நம் உறுதிகளில் இடம்பெறுவன. பலர்க்கு உரிய கிணற்றில் இன்னார்க்கு இன்ன நாள் என்னும் அந்த முறையே நம் முதலாவது நீர்விதி. புதிய விதி இதன்மேற் கட்டப்படுதல் வேண்டும்.

ஆதலின் நான் வேண்டுவன நான்கு. ஒன்று, விதி புதிதாய் விற்கப்படும் இயந்திரத்தையே கட்டுப்படுத்துக. ஏழைக் கமக்காரன் கையிலுள்ள பழையதைப் பறியாதொழிக. இரண்டு, சூரிய இயந்திரத்துக்கு உதவிப்பணமோ கடனோ வழங்குங்கால் நீர்மானியும் மின் விற்கும் வசதியும் உடன் வழங்குக. மூன்று, பங்குக் கிணறுகளுக்குத் தனித்தனி இயந்திரம் கொடாது, பங்காளர் கூடி ஒன்றைப் பெற்று முறைவைத்து இறைக்க ஊக்குக. நான்கு, நெடுந்தூரம் செல்லும் படகுக்கு மின்கலம் இன்னும் போதியதன்று. கடலுக்கு வேறு தவணை கொடுக்க. கிணற்றையும் கடலையும் ஒரே நாளிற் கட்டும் விதி கடற்றொழிலாளனின் வயிற்றில் அடிக்கும்.

இவற்றுக்கெல்லாம் அளவு வேண்டும். நீர்வளச் சபைக்கான சட்டம் 1964ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. ஆயினும் ஊர்தோறும் உள்ள கிணறுகளை எந்தச் சபைதான் தனித்து அளக்கும்? ஆசிரியரும் மாணவரும் அளக்கலாம். மாதந்தோறும் ஒரு கயிற்றைக் கிணற்றில் இறக்கி நீர்மட்டத்தைக் குறித்தல் அரிய செயலன்று. உவரின் அளவைக் காட்டும் சிறு கருவியும் பாடசாலை ஆய்வுகூடத்துக்கு எட்டாததன்று. பத்தாண்டு அவ்வாறு குறித்த ஓர் ஏடு ஒவ்வொரு பாடசாலையிலும் இருக்குமாயின், வர்த்தமானியில் விதி எழுதுவோர் அதனைப் புறக்கணித்தல் எளிதன்று. வருகின்ற மழைக்கு முன்னரே அவ்வேட்டின் முதற்பக்கத்தை எழுதத் தொடங்கலாம்.