ஐந்து வயது ஐபோட்: வாங்கத் தயங்கியது ஏன்?

2006 அக்டோபர், தீபாவளிக்கு முந்திய நாள். பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா சாலை, கிள்ளான் தெங்கு கிளானா சாலை எங்கும் கடைசி நேரக் கூட்டம் நிரம்பி வழிந்தது. துணிமணி, பலகாரச் சாமான், உறவினர் வீட்டுப் பயணம் என்று பெற்றோர் போடும் பட்டியலின் அடியில், அந்நாளில் பிள்ளைகள் தாங்களாகவே ஒரு பெயரை எழுதிவிட்டார்கள். அந்தப் பெயர் ஐபோட்.

2006 அக்டோபர் 23ஆம் தேதியோடு ஐபோட்டுக்கு ஐந்து வயது நிறைந்தது. 2001 அக்டோபர் 23ஆம் தேதி ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் அதை அறிமுகப்படுத்தினார். 5 ஜிபி கொள்ளளவு, 1,000 பாடல்கள், விலை 399 அமெரிக்க டாலர். ஆப்பிளின் சொந்தக் கணினியோடு மட்டுமே அன்று அது இணைந்தது. அந்த விலைக்கு யார் வாங்குவார் என்று கேட்டவர்கள் உண்டு. 2006 அக்டோபருக்குள் விற்பனை 6 கோடியே 70 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. 2006 செப்டம்பரோடு முடிந்த மூன்றே மாதங்களில் மட்டும் 87 இலட்சம் கருவிகள் விற்றதாக ஆப்பிள் அக்டோபரில் அறிவித்தது.

உலகமே வாங்கிய பொருளை நம்மவர்களில் பலர் கடையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டார்கள். ‘காசில்லை’ என்ற ஒரே சொல்லில் இதை முடித்துவிடலாம். ஆனால் அதே குடும்பங்கள் அதே விலைக்குக் கைத்தொலைபேசி வாங்கின, தவணையில் பெரிய தொலைக்காட்சிப் பெட்டியும் எடுத்தன. ஆகவே தயக்கத்துக்கு விலை ஒரு காரணம்தான். மற்ற காரணங்களையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

விலைக் கணக்கு

2006 செப்டம்பரில் புதுப்பிக்கப்பட்ட ஐபோட் நானோவின் அன்றைய அமெரிக்க விலை 2 ஜிபிக்கு 149 டாலர், 4 ஜிபிக்கு 199, 8 ஜிபிக்கு 249. படமும் காட்டிய 30 ஜிபி ஐபோட்டும் அன்று 249 டாலர்தான். அன்றைய மாற்று மதிப்பில் மிகச் சிறிய நானோவே 540 வெள்ளியைத் தாண்டியது. 249 டாலர் என்பது அன்று 900 வெள்ளிக்கு மேல். திரையே இல்லாத புதிய ஷஃபலின் விலை 79 டாலராக இருந்தது. அறிவிக்கப்பட்டதே தவிர அப்போது கடைக்கு வந்திருக்கவில்லை.

பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் நாள் கணக்கில் கூலி பெற்ற குடும்பத்துக்கு அன்று 900 வெள்ளி என்பது பாட்டுப் பெட்டியின் விலையாக இருக்கவில்லை. மழை விழுந்து வேலை கெட்ட மாதத்தை ஓட்டுவதற்கு உதவிய தொகை. ஜனவரியில் பள்ளி திறந்தபோது சீருடைக்கும் புத்தகத்துக்கும் கட்டணத்துக்கும் வேண்டியிருந்த தொகையும் அதுதான். தீபாவளி முடிந்து இரண்டு மாதத்தில் அந்தச் செலவு வாசலில் நிற்கும் என்பது பெற்றோருக்குத் தெரிந்திருந்தது. விரலுக்கேற்ற வீக்கம் என்று அவர்கள் சொன்னது கஞ்சத்தனத்தால் அல்ல.

யானையும் அங்குசமும்

விலையைவிடப் பெரிய தடை, பெட்டிக்கு வெளியே இருந்தது. வானொலிப் பெட்டியை வாங்கி மின்சாரம் கொடுத்தால் பாடும். அன்றைய ஐபோட் அப்படிப் பாடவில்லை. அதற்குப் பாட்டு ஏற்றக் கணினி வேண்டியிருந்தது. கணினியில் ஐடியூன்ஸ் மென்பொருள் வேண்டியிருந்தது. 2006 செப்டம்பரில் வெளிவந்த ஐடியூன்ஸ் 7, விண்டோஸ் கணினியில் 2000 அல்லது எக்ஸ்பி இருந்தால்தான் ஓடியது. பழைய விண்டோஸ் 98 கணினியைப் பள்ளிப் பாடத்துக்காக வைத்திருந்த வீட்டில் ஐபோட் வெறும் அலங்காரப் பொருளாகிவிட்டது.

கணினியே இல்லாத வீட்டுப் பிள்ளை அத்தை வீட்டிலோ சைபர் கஃபேயிலோ பாட்டு ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கலாம். அங்கேயும் ஒரு சிக்கல் இருந்தது. ஐபோட் ஒரு கணினியின் பாட்டுத் தொகுப்போடு தன்னை இணைத்துக்கொள்ளும் முறையில் அமைக்கப்பட்டது. வேறு கணினியில் செருகினால், பழைய பாடல்களை அழித்துவிட்டு இந்தக் கணினியில் உள்ளதை ஏற்றட்டுமா என்று கேட்டது. தெரியாமல் ‘சரி’ என்று அழுத்தினால் அத்தனையும் போய்விடும் நிலை இருந்தது. அமைப்பை மாற்றிக் கையால் ஏற்றும் வழி இருந்தது என்றாலும், அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டியிருந்தது.

யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கக்கூடாது என்பார்கள். இங்கே அங்குசத்தின் விலை யானையின் விலையைத் தாண்டியது. கணினியும் இணைய இணைப்பும் ஏற்கெனவே இருந்த பட்டணத்து வீட்டுக்கு ஐபோட் ஒரு பொருள். இல்லாத வீட்டுக்கு அது மூன்று பொருள்.

தமிழ்ப் பாட்டை எங்கே வாங்குவது?

ஆப்பிளின் வெற்றிக்குப் பாதிக் காரணம் அதன் இணையப் பாட்டுக்கடை. 2003 ஏப்ரலில் தொடங்கிய அந்தக் கடை, ஒரு பாட்டு 99 காசு என்று அமெரிக்காவில் விற்றது. 2006 பிப்ரவரியில் நூறாவது கோடிப் பாட்டை விற்றுவிட்டது. ஆனால் அன்று ஆசியாவில் அந்தக் கடை ஜப்பானில் மட்டும்தான் திறந்திருந்தது. மலேசியாவில் இருக்கவில்லை, சிங்கப்பூரிலும் இருக்கவில்லை. அதாவது கருவியை இங்கே விற்றார்கள், அதில் போட வேண்டிய சரக்கை இங்கே விற்கவில்லை.

அப்படியானால் வழி என்ன? குறுந்தட்டை முறையாக வாங்கிக் கணினியில் ஏற்றிக்கொள்ள முடிந்தது. ஒரு தமிழ்ப்படத்துக்கு ஐந்தாறு பாட்டு. 2 ஜிபி நானோவில் 500 பாட்டு கொள்ளும் என்றது ஆப்பிள். அதை நிரப்ப ஏறத்தாழ நூறு படங்களின் தட்டுகள் வேண்டியிருந்தன. எந்த வீட்டில் அத்தனை அசல் தட்டுகள் இருந்தன?

ஆகவே பெரும்பாலோர் போனது இரவுச் சந்தைக்கு. ஒரே தட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட எம்பி3 பாடல்கள், சில வெள்ளிக்குக் கிடைத்தன. 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் 2000ஆம் ஆண்டு ஒளித்தட்டுச் சட்டமும் இருந்தன. அதிரடிச் சோதனைகளும் நடந்தன. மறுவாரம் மேசை மீண்டும் விரிந்தது. இதில் அடிபட்டவர் சென்னையிலுள்ள இசையமைப்பாளர் மட்டுமல்ல. யோகி பி – நட்சத்திரா குழுவின் ‘வல்லவன்’ தொகுப்பு 2006இல்தான் வெளிவந்தது. உள்ளூர்த் தமிழ் இசைக்கு இளையோரிடம் இப்படியொரு வரவேற்பு கிடைத்த வேளையில், ஒரு பாட்டை ஓரிரு வெள்ளிக்கு நேர்வழியில் வாங்க ஓர் இடம் இல்லாமல் போனது இழப்பு. திருட்டுத் தட்டை வாங்காதே என்று இளைஞரைக் கண்டிப்பது எளிதாக இருந்தது. வாங்க வேண்டிய இடத்தைக் காட்டுவதுதான் கடினமாக இருந்தது.

எத்தனை நாள் உழைக்கும்?

நம் வீடுகளில் ஒரு பொருளை வாங்குமுன் கேட்கப்படும் முதல் கேள்வி இது. ஐபோட்டின் மின்கலம் உள்ளே மூடி வைக்கப்பட்டது. வானொலிக்கு மாற்றுவதுபோல் கடையில் வாங்கி மாற்ற முடியவில்லை. முழுமையாக 400 முறை மின்னேற்றிய பிறகு தொடக்கத் திறனில் 80 விழுக்காடு எஞ்சும் என்பது ஆப்பிள் தந்த கணக்கு. உத்தரவாதம் ஓராண்டாக இருந்தது. முதல் மூன்று தலைமுறை ஐபோட்களின் மின்கலம் சொன்னபடி உழைக்கவில்லை என்று அமெரிக்காவில் வழக்குகள் தொடரப்பட்டன. 2005இல் ஆப்பிள் சமரசத்துக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த முதல் நானோவின் திரை எளிதில் கீறுகிறது என்ற குறையும் நீதிமன்றம் சென்றது.

2006 அக்டோபரிலும் ஒரு செய்தி. 2006 செப்டம்பர் 12க்குப் பிறகு விற்பனையான வீடியோ ஐபோட்களில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானவற்றில், விண்டோஸ் கணினியைத் தாக்கும் வைரஸ் இருந்ததாக ஆப்பிளே ஒப்புக்கொண்டது. எண்ணிக்கை சிறிதுதான். ஆனாலும் புதுப்பெட்டியில் நோய் வரும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

இதோடு ஆண்டுக்கு ஆண்டு மாறிய வடிவம். 2004 ஜனவரியில் வந்த ஐபோட் மினி, நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போதே 2005 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த நானோவும் ஓராண்டில் புது உருவம் பெற்றுவிட்டது. இரண்டாண்டுத் தவணையில் வாங்கியவர் கடைசித் தவணை கட்டும்போது, அவர் கையில் இருந்தது பழைய பொருளாகிவிட்டிருக்கும்.

கையிலிருக்கும் தொலைபேசி

தயங்கியவர்களுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. பாட்டு பாடும் கைத்தொலைபேசிகள் அப்போதே வந்துவிட்டிருந்தன. சோனி எரிக்சன் 2005இலேயே வாக்மேன் பெயரில் தொலைபேசியை இறக்கியது. நோக்கியாவின் என்91 உள்ளே 4 ஜிபி வைத்திருந்தது. பேசவும் குறுஞ்செய்தி அனுப்பவும் படம் பிடிக்கவும் பாட்டுக் கேட்கவும் ஒரே கருவி என்றால், பாட்டு மட்டும் கேட்க 900 வெள்ளி எதற்கு என்ற கேள்வி நியாயமாகவே இருந்தது. மைக்ரோசாஃப்ட் தன் ஸூன் கருவியை 2006 நவம்பர் 14ஆம் தேதி அமெரிக்காவில் விற்பனைக்கு விட்டது. போட்டி கூடினால் விலை இறங்கும் என்று காத்திருந்ததிலும் தவறில்லை.

வானொலியையும் மறந்துவிடக்கூடாது. மின்னல் எஃப்எம், சிங்கப்பூரின் ஒலி 96.8 இல்லாமல் பொழுது விடியாத வீடுகள் அன்று ஏராளம். அன்றைய ஐபோட்டில் வானொலி இருக்கவில்லை. அதற்கென 49 டாலருக்கு ஒரு துணைக்கருவியை ஆப்பிள் தனியாக விற்றது. வானொலியும் சேர்ந்த எம்பி3 கருவிகள் பல நிறுவனங்களிடம் குறைந்த விலைக்கு இருந்தன.

அவற்றில் ஒன்று அண்டை வீட்டுப் பிள்ளை. சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம், ஐபோட் வருவதற்கு முந்திய ஆண்டே, 2000இல், 6 ஜிபி நோமேட் ஜூக்பாக்ஸை விற்றது. சிறு திரையில் பாடகர், தொகுப்பு, பாட்டு என்று படிப்படியாகத் தேடும் முறைக்குக் காப்புரிமையும் பெற்றது. அதை மீறியதாக ஆப்பிள் மீது வழக்குப் போட்டு, 2006 ஆகஸ்டில் 10 கோடி அமெரிக்க டாலருக்குச் சமரசம் கண்டது. வழி காட்டியவர் சிங்கப்பூர்க்காரர் என்றாலும், சந்தையில் பெயர் வாங்கியது ஐபோட். இளையோர் கேட்டது பாட்டுக் கருவியை மட்டுமல்ல, அந்தப் பெயரையும் வெள்ளைக் காதுவடத்தையும் சேர்த்துத்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

காதும் கூடமும்

பெற்றோரின் இன்னொரு அச்சம், காது கெட்டுவிடும் என்பது. இது வெறும் பயமுறுத்தல் அல்ல. பிரான்சில் இத்தகைய கருவிகளின் ஒலி 100 டெசிபெலைத் தாண்டக்கூடாது என்ற விதி இருந்ததால், 2002இல் ஐபோட் விற்பனை அங்கே சிறிது காலம் நிறுத்தப்பட்டு, ஒலி குறைக்கப்பட்ட பிறகே தொடர்ந்தது. 2006இல் அமெரிக்காவில் ஒரு வழக்கு தொடரப்பட்ட பின், மார்ச்சில் ஆப்பிள் ஒரு வசதியை வெளியிட்டது. நானோவிலும் வீடியோ ஐபோட்டிலும் பெற்றோர் உச்ச ஒலியைக் குறைத்து வைத்து, இரகசிய எண்ணால் பூட்டிவிட முடிந்தது. ஏற்கெனவே வாங்கியவர்கள் அன்றே செய்யக்கூடிய காரியமாக அது இருந்தது.

சொல்லப்படாத அச்சம் வேறொன்று. லயத்து வீட்டில் ஒரு வானொலி பாடினால் நான்கு வீடு கேட்டது. அப்பா கேட்ட பழைய பாட்டுகளைப் பிள்ளைகள் தேடிப்போய்க் கற்கவில்லை. கூடத்தில் ஓடியதால் காதில் விழுந்தது. காதுவடம் மாட்டிய பிள்ளை தன் பாட்டை மட்டும் கேட்கிறான், வீடு அவன் பாட்டைக் கேட்பதில்லை. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு 900 வெள்ளி கொடுத்து ஒரு கதவை வாங்கிக்கொடுக்க வேண்டுமா என்ற எண்ணம் பல பெற்றோரின் மறுப்புக்குள் இருந்தது. அதே வேளையில், எட்டுப்பேர் உள்ள சிறு வீட்டில் படிக்கும் பிள்ளைக்குத் தனக்கென்று ஓர் அமைதி தேவைப்படுவதும் உண்மை. இரண்டையும் பேசித் தீர்க்க வேண்டும்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

2006இல் கேட்க வேண்டியிருந்தவை இவை: வீட்டில் விண்டோஸ் 2000 அல்லது எக்ஸ்பி கணினி இருக்கிறதா? அசல் தட்டுகளிலிருந்து பாட்டு ஏற்றத் தெரிந்தவர் இருக்கிறாரா? மின்கலம் தேய்ந்தால் மாற்றித் தருவது யார், என்ன விலை? வானொலி வேண்டுமா? கைத்தொலைபேசியை மாற்றும் எண்ணம் அடுத்த ஆண்டு இருக்கிறதா? இந்த ஐந்துக்கும் பதில் இருந்தால், ஜனவரிச் செலவை ஒதுக்கிவைத்த பிறகும் கையில் பணம் இருந்தால், வாங்குவதில் அன்று குற்றமில்லை. 2 ஜிபி நானோவே பலருக்குப் போதுமானதாக இருந்தது. 500 பாட்டை யாரும் ஒரே நாளில் கேட்பதில்லை.

பதில் இல்லையென்றால், வாங்காமல் திரும்புவதை நவீனத்துக்குப் பின்தங்கியதாக யாரும் நினைக்க வேண்டியிருக்கவில்லை. வெட்கப்பட வேண்டியது வாங்காதவர் அல்லர். இந்நாட்டில் தமிழ்ப் பாட்டை நேர்வழியில் விற்கும் ஓர் இணையக் கடை அன்று இல்லாததற்கு இசை வணிகர்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கடை திறக்கும் நாளில் எந்தக் கருவி கையில் இருக்கும் என்பது இரண்டாவது கேள்வியாக இருந்தது.

மறுநாள் காலை எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புத்தாடை உடுத்தியபோது, பெரும்பாலான வீடுகளில் வானொலிதான் பாடிக்கொண்டிருந்திருக்கும். பட்டியலின் அடியில் ஐபோட் என்று எழுதிய பிள்ளையும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருப்பான். அடுத்த ஆண்டும் அவன் அதே பெயரை எழுதியிருக்கக்கூடும். அதற்குள் வீட்டுக்குக் கணினி வருமா என்பதைப் பெற்றோர் அப்போதே யோசித்திருக்கலாம். பாட்டுக்கும் அது உதவும், அதைவிட முன்னதாகப் படிப்புக்கும் உதவும்.