தண்ணீர் தெளிவா இருந்தா சுத்தம்னு அர்த்தமா? ஆற்றுக் கல்லைப் புரட்டிப் பாருங்க!

ராஜபாளையம் அய்யனார் கோவில் ஆறு, ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பு ஓடை, சதுரகிரி அடிவாரத்தில் தாணிப்பாறை. மழை சீசன் வந்தால் போதும், ரீல்ஸ் முழுக்க இந்த இடங்கள்தான். 'கண்ணாடி மாதிரி தண்ணி' என்று கேப்ஷன் வேறு. ஆனால் தெளிவு வேறு, சுத்தம் வேறு. ஷாம்பு கரைந்த ஓடைகூட கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். அங்கே என்ன நடந்தது என்பது தண்ணீரைப் பார்த்தால் தெரியாது. கல்லுக்கு அடியில் இருக்கும் ஒரு பூச்சிக்குத் தெரியும்.

அந்தப் பூச்சி எது?

பெயர் மேஃப்ளை. ஈசல் இல்லை, ஈசல் கரையான் இனம், இது தனி வகை. இறக்கை முளைத்த மேஃப்ளைக்குச் சாப்பிட வாய்கூட வேலை செய்யாது. சில மணி நேரம், மிஞ்சிப்போனால் ஓரிரு நாள் ஆயுள். ஆனால் அதற்கு முன்பு லார்வாவாகத் தண்ணீருக்குள் பல வாரங்கள், சில வகைகள் பல மாதங்கள் வாழும். செவுள் வழியே மூச்சு விடுவதால் ஆக்சிஜன் குறைந்தாலோ, சோப்பு கலந்தாலோ, கல் இடுக்கில் மண் அடைந்தாலோ முதலில் அடிவாங்குவது இதுதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்று விஷயம் பார்த்தால் போதும். ஒன்று, பின்பக்கம் நூல் போல மூன்று வால், சிலவற்றில் இரண்டு. இரண்டு, வயிற்றின் இருபுறமும் இலை அல்லது இழை போன்ற செவுள்கள். மூன்று, ஒவ்வொரு காலின் நுனியிலும் ஒரே ஒரு நகம்.

குழப்பம் வருவது ஸ்டோன்ஃப்ளை லார்வாவோடுதான். அதற்கு எப்போதும் இரண்டு வால், காலுக்கு இரண்டு நகம். ஊசித்தட்டான் லார்வாவுக்கும் பின்பக்கம் மூன்று நீட்சி உண்டு. ஆனால் அவை நூல் போல இருக்காது, தட்டையான இலை போல இருக்கும்.

'ஒண்ணு கிடைச்சிருச்சு, தண்ணி சூப்பர்' என்று முடிவு கட்டவும் கூடாது. மேஃப்ளையிலேயே பல குடும்பங்கள். உடல் தட்டையாகக் கல்லோடு ஒட்டிக் கிடக்கும் ஹெப்டஜீனிடே நல்ல ஓடையின் அடையாளம். குட்டி மீன் போல நீந்தும் பேட்டிடே குடும்பத்தில் பல வகைகள் ஓரளவு அழுக்கையும் தாங்கும். அதனால் எத்தனை பூச்சி என்பதைவிட எத்தனை வகை என்பதே முக்கியம்.

இது வெளிநாட்டுச் சரக்கா?

இல்லை. மேற்குத்தொடர்ச்சி மலை மேஃப்ளைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் மதுரைக் கல்லூரியின் கே.ஜி. சிவராமகிருஷ்ணன். 1984-ல் அவர் விவரித்த ஓர் இனத்தின் பெயரிலேயே குற்றாலம் இருக்கிறது: பீட்டர்சுலா கோர்டலென்சிஸ். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் நீர்ப்பூச்சிகளை வைத்து ஆற்றின் தரத்தை மதிப்பிடும் முறை இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 'மினிசாஸ்' என்ற எளிய முறையில் பள்ளி மாணவர்களே 13 உயிரினக் குழுக்களைப் பார்த்து ஆற்றுக்கு மதிப்பெண் போடுகிறார்கள்.

இங்கே ஏன் செய்யக்கூடாது?

2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. புலிக்குக் கேமரா வைக்கிறோம், சாம்பல் நிற அணிலைக் கணக்கெடுக்கிறோம். இதே மலையின் ஓடைகளில் அந்த அக்கறை ஏன் இல்லை? அய்யனார் கோவில் ஆற்றுத் தண்ணீர் ராஜபாளையத்தின் வீட்டுக் குழாய்க்கும் வருகிறது. இது சுற்றுலாப் பிரச்சினை மட்டுமல்ல.

செலவும் பெரிதில்லை. ஒரு வெள்ளைத் தட்டு, சின்ன வலை, ஒரு லென்ஸ். விருதுநகர் மாவட்டக் கல்லூரிகளின் விலங்கியல் மாணவர்கள், வனத்துறை அனுமதியோடு, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் பின்பும் ஆண்டுக்கு இரண்டு முறை பார்க்கலாம். மக்கள் குளிக்கும் இடத்துக்கு மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம். மேலே ஏழு வகை இருந்து கீழே இரண்டுதான் என்றால், நடுவில் என்ன நடக்கிறது என்று கேட்க அதுவே போதும்.

'லேப் டெஸ்ட் இருக்கும்போது பூச்சி எதுக்கு?' என்ற கேள்வி நியாயம்தான். குடிக்கலாமா என்பதை மேஃப்ளை சொல்லாது. கிருமியைக் கண்டுபிடிக்க லேப்தான் வேண்டும். ஆனால் லேப் பாட்டில் சொல்வது அது நிரப்பப்பட்ட அந்த நிமிடத்தின் கதையை. அமாவாசைக் கூட்டம் கரைத்த சோப்பு மறுநாள் பாட்டிலில் சிக்காது. கல்லுக்கு அடியில் காணாமல் போன பூச்சி, பல வாரங்களுக்குச் சாட்சி. இரண்டும் வேண்டும்.

அனுமதி கிடைத்துப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: போட்டோ எடுங்கள், பூச்சியைத் திரும்பத் தண்ணீரில் விடுங்கள், புரட்டிய கல்லைப் பழையபடி வையுங்கள். குளிக்க மட்டும் போகிறவர்கள், ஷாம்பு பாக்கெட்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.