ஏறிய கியரில் இறங்குவோம்



2009இல் கணவரை இழந்தபின் இரண்டு பிள்ளைகளுடன் வன்னியிலிருந்து டிக்கோயாப் பக்கம், அம்மாவின் லயத்துக்கே திரும்பி வந்தேன். சில வருடங்களில் லீசிங்கில் ஒரு முச்சக்கரவண்டி எடுத்தேன். வன்னியில் மோட்டார் சைக்கிள் ஓடியவள்தானே, இதில் என்ன பயம் என்று நினைத்தேன். ஆனால் வன்னி வீதி மட்டமானது. தோட்டப் பாதை அப்படியல்ல.

முதல் வாரம், பெற்றோல் மிச்சமாகும் என்று இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் விட்டேன். மூன்றாவது வளைவில் பிறேக் கருகும் மணம் வந்தது. மிதித்தேன், பிடிக்கவில்லை. மேட்டுப் பக்க மண்ணில் உரசி ஒருவாறு நிறுத்தினேன். நல்லவேளை, வண்டியில் யாரும் இருக்கவில்லை. பின்னால் வந்த வயதான சாரதி ஒருவர் சொன்னார்: "இந்தா புள்ள, எந்தக் கியர்ல ஏறுவியோ அதே கியர்ல எறங்கு. எஞ்சின்தான் வண்டியப் புடிச்சி வைக்கும்."

நீண்ட இறக்கத்தில் பிறேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். மணம் வந்தால் மட்டமான இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, தானாக ஆற விட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது.

மலைவீதியின் ஆபத்தை நாம் பலமுறை பார்த்துவிட்டோம். 2023 ஜனவரி 20இல் நானுஓயா, ரதெல்லவில் பாடசாலை மாணவர்களை ஏற்றி வந்த பஸ் ஒரு வானுடனும் முச்சக்கரவண்டியுடனும் மோதியதில் 7 பேர் இறந்தார்கள். 2025 மே 11இல் கொத்மலை, கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

ஒரு மழை இரவு, பிரசவ வலி கண்ட தங்கை ஒருத்தியை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக் குறுக்குப் பாதையில் இறங்கினேன். ஓரிடத்தில் சேற்றுத் தண்ணீர் பாதையைக் கடந்து ஓடியது. "கொஞ்சத் தண்ணிதானே, போயிருவோம் அக்கா" என்றார் அவளுடைய புருஷன். நான் இறங்கி டோர்ச் அடித்துப் பார்த்தேன். மேலே கொங்கிரீட் இருந்தது, அதன் அடியில் பள்ளப் பக்க மண் இல்லை. வண்டியைத் திருப்பினேன். பெரிய வீதிக்குச் சுற்றிப் போக அரை மணித்தியாலம் கூடுதலாக எடுத்தது. போகும்போதே 1990க்கு அழைத்தோம். அம்புலன்ஸ் சந்தியில் காத்திருந்தது. தாயும் பிள்ளையும் நலமாக வீடு திரும்பினார்கள்.

அன்றிலிருந்து சில பழக்கங்களை விடுவதில்லை. காலையில் பிறேக், டயர், விளக்கு பார்ப்பேன். எந்தப் பாதையால் போகிறேன், எப்போது திரும்புவேன் என்று மூத்தவளிடம் சொல்லிவிட்டே புறப்படுவேன். கயிறு, மண்வெட்டி, டோர்ச் வண்டியில் இருக்கும். வளைவில் ஹோர்ன் அடிப்பேன். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுவேன். பனிமூட்டத்தில் விளக்கைத் தாழ்த்தி மெதுவாகப் போவேன். மூன்று பேருக்கு மேல் ஏற்றமாட்டேன்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலுக்குப் பின், நேற்றுப் போன பாதை இன்றும் இருக்கும் என்று எண்ண முடியாது. மழை நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைக் கேளுங்கள். மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள். செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாகுங்கள். சிவப்பு என்றால் உடனே வெளியேறுங்கள். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிய ஊற்று ஆகியவற்றைக் கண்டால் அந்தப் பக்கம் போகாதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அறிவியுங்கள்.

வண்டி ஓட்டாத சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. லொறியிலோ வானிலோ போகும்போது சாரதி வேகமாக இறக்கினால், பிறேக் மணம் வந்தால், "நிப்பாட்டுங்க, எறங்கிக்கிறோம்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். ஒருத்தி சொன்னால் கேட்காதவரும் எல்லோரும் சேர்ந்து சொன்னால் கேட்பார்.

திரும்பி வந்த நாட்களில் எனக்குச் சில ஹயர்கள் போயிருக்கின்றன. பயந்தாங்கொள்ளி என்றும் சொல்லியிருக்கிறார்கள். சொல்லட்டும். என் பிள்ளைகளுக்கு இருப்பது நான் ஒருத்திதான். உங்களில் பலருக்கும் நிலைமை அதுதானே?