மூச்சுக்கும் கணக்கு வேண்டும்

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் போகும் பேருந்தில், சிப்காட் தொழிற்பேட்டை வந்ததும் ஜன்னலோரம் இருப்பவர் மூக்கைப் பொத்திக்கொள்வார். செம்மங்குப்பத்திலும் குடிகாட்டிலும் குடியிருப்பவர் எவ்வளவு நேரம் பொத்துவார்? 2004-இல் இப்பகுதி மக்களே வாளியும் பையுமாகக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாசுக் குறியீட்டில் 77.45 மதிப்பெண் போட்டு, கடுமையாக மாசடைந்த பகுதிகளில் கடலூரையும் சேர்த்தது. காற்றுக்குக் கணக்கு வந்துவிட்டது. நுரையீரலுக்குத்தான் இன்னும் வரவில்லை.

வீசிங் என்று மருத்துவமனைக்குப் போனால் நெபுலைசர், மிஞ்சினால் ஓர் ஊசி. அன்றிரவு தூக்கம் வரும். ஆனால் நெபுலைசரில் தரும் சல்பூட்டமால் மூச்சுக்குழாயை விரிக்குமே தவிர, உட்சுவரின் அழற்சியைத் தொடாது. அதைத் தணிப்பது ஸ்டீராய்டு இன்ஹேலர். பெரியவர்களுக்கு வெறும் சல்பூட்டமாலை மட்டும் நம்பாதீர்கள் என்று உலக ஆஸ்துமா வழிகாட்டி 2019-லேயே சொல்லிவிட்டது.

அழற்சியை அளக்கவும் வழி உண்டு. கருவியில் சில விநாடி சீராக ஊதினால் போதும். மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு நூறு கோடியில் 50 பங்கைத் தாண்டினால், பெரியவர்களுக்கு அது ஸ்டீராய்டுக்கு இணங்கும் அழற்சியின் அடையாளம். கருவி விலை அதிகம்தான். ரத்தத்தில் ஈசினோஃபில் எண்ணிக்கை பார்க்க அவ்வளவுகூட வேண்டாம், சாதாரண ரத்தப் பரிசோதனையே போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ரசாயன எரிச்சலால் வரும் இழுப்பில் இந்த எண்கள் குறைவாகவே இருக்கலாம். வயிற்றில் பூச்சி இருந்தால் ஈசினோஃபில் ஏறும். ஆகவே, “எண் சரியாக இருக்கிறது, உங்களுக்கு ஒன்றுமில்லை” என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. இரவில் இருமி எழுகிறீர்களா, வாரத்துக்கு எத்தனை முறை பம்பு அடிக்கிறீர்கள் என்ற கேள்விகளுக்கும் சம எடை உண்டு.

சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆண்டுக்கொரு முறை இந்தப் பரிசோதனைகளை அரசு நடத்த வேண்டும். சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’, இந்த ஊர்களுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலரையும் கொண்டுவரட்டும். உறிஞ்சும் முறையைக் கையைப் பிடித்துக் கற்றுத்தரட்டும். செலவில் ஒரு பங்கை ஆலைகளிடம் கேட்பதில் தவறில்லை. வாரியத்தின் காற்று அளவீடும் மருத்துவமனையின் மூச்சு அளவீடும் ஒரே பதிவேட்டில், தேதிவாரியாக, ஊராட்சி அலுவலகத்தில் எவரும் புரட்டும்படி இருக்க வேண்டும்.