குடும்பத்தோடு கப்பலேற வழி

கோடை விடுமுறை நெருங்கும்போது குழந்தைகளை எங்கே அழைத்துச் செல்வது என்னும் கேள்வி பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களின் குடும்பங்களில் ஆண்டுதோறும் எழுகிறது. வழக்கமான விடைகளை வாசகர்கள் அறிவார்கள். சமயபுரம், வேளாங்கண்ணி, கொல்லிமலை. கையில் சற்றுத் தாராளமிருந்தால் உதகமண்டலம். சில ஆண்டுகளாக வேறொரு பேச்சும் காதில் விழுகிறது. சென்னைத் துறைமுகத்தில் குடும்ப சமேதராகக் கப்பலேறித் தீவுகளைச் சுற்றிப் பார்த்துத் திரும்பலாம் என்பதே அது. நீச்சல் குளமும் நாடக மேடையும் குழந்தைகளுக்கென விளையாட்டுக் கூடமும் அமைந்த கப்பலைப் படத்தில் பார்த்துவிட்டு, சின்ன வெங்காயம் பயிரிடும் தகப்பனாரிடம் மகள், "நாம் எப்போது போவது, அப்பா?" என்று கேட்கிறாள். அவர் கட்டணத்தை விசாரிக்கிறார். தலைக்கு இத்தனை ஆயிரம் என்று தெரிந்ததும் பேச்சு மறுபடி சமயபுரத்துக்கே திரும்பிவிடுகிறது.

அந்தப் பெண்ணின் கேள்வி நியாயமானது என்பதே நமது அபிப்பிராயம். அதற்கு விடை சொல்ல வேண்டியவர் அவள் தகப்பனார் அல்லர், சர்க்கார்.

கடற்கரையே இல்லாத ஜில்லாக்காரர்களுக்குக் கப்பல் எதற்கு என்று சிலர் நகைக்கக் கூடும். பெரம்பலூர் நகருக்கு இன்னும் ரயிலே வரவில்லை. அதற்குள் கப்பலா என்றும் கேட்கலாம். முந்தியதற்கு மண்ணே பதில் சொல்லும். கல்லங்குறிச்சியின் சுண்ணாம்புக் கல்லை உடைத்துப் பார்த்தால் சிப்பிகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. காரை, குளக்காநத்தம் பக்கத்துச் செம்மண் ஓடைகளில், பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே அலைமோதிய கடலில் வாழ்ந்த ஜீவன்களின் சுருள் ஓடுகள் கல்லாகி நிற்கின்றன. சாத்தனூரிலே 1940இல் கண்டறியப்பட்ட கல்மரம் இன்றும் பார்வைக்கு இருக்கிறது. அந்தப் பழங்கடலின் அடித்தட்டைத் தோண்டித்தான் இன்று அரியலூரில் சிமெண்ட் செய்கிறார்கள். கடல் நமக்கு அந்நியம் என்று சொல்வது சரியன்று. வெகு காலத்துக்கு முன் விலகிப் போன பங்காளி என்பதே பொருத்தம்.

ஜயங்கொண்டத்தை அடுத்த கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து அரசாண்ட ராஜேந்திரன், ஏறத்தாழ 1025ஆம் ஆண்டில் கடற்படை அனுப்பிக் கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் வென்றான். அப்படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டு விழாவுக்காக 2025 ஜூலை 27ஆம் தேதி பிரதம மந்திரியே அவ்வூருக்கு வந்து நாணயம் வெளியிட்டார். விழா சிறப்பாகவே நடந்தது. நமக்கும் அதில் பெருமைதான். ஆனால் பந்தலைப் பிரித்த மறுநாள், அதே ஊர்க் குடியானவன் ஒருவன் தன் மனைவி மக்களோடு கப்பலேற விரும்பினால் அவனுக்கு என்ன வழி? ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய கப்பல்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் அடுத்த மாதத்துக் கப்பலைப் பற்றியும் சற்றே பேசலாகாதா?

நமது ஜனங்களுக்கும் கப்பலுக்கும் இடையே இருந்த அண்மைக்காலத்து உறவு பெருமைப்படத் தக்கதன்று. 1910 வரையில் ஒப்பந்தக் கூலிகளாகவும், பின்னர் 1938இல் இந்திய சர்க்கார் தடுக்கும்வரை கங்காணிகளின் பின்னாலும், திருச்சி, தஞ்சை ஜில்லாக்களின் ஏழைகள் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாய் நாட்டுத் தோட்டங்களுக்குப் போனார்கள். 1926 முதல் 1973 வரை சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய 'ரஜூலா'வின் பெயரை இவ்வட்டாரத்துப் பாட்டிமார் இன்னும் மறக்கவில்லை. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்த ஆயிரக்கணக்கானவர்களை அக்கப்பல் சுமந்தது. புருஷன் கப்பலில் நின்றான். மனைவி இடுப்பில் குழந்தையோடு கரையில் நின்றாள். அவளைப் பொறுத்தவரை கப்பல் என்றால் பிரிவு என்றே பொருள். 'ரஜூலா'வுக்குப் பின் வந்த 'சிதம்பரம்' என்னும் இந்தியக் கப்பல் 1985இல் நடுக்கடலில் தீப்பற்றியது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அத்துடன் அந்த மார்க்கமே அற்றுப் போயிற்று. இப்போது லெப்பைக்குடிக்காட்டிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் விமானத்தில் போகிறார்கள். பிரிவு அப்படியே இருக்கிறது. கப்பல் மட்டும் இல்லை. ஆகவே புருஷனும் மனைவியும் குழந்தைகளும் கிழவர்களும் ஒரே கப்பலில் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்புவது இப்பகுதியில் வெறும் கேளிக்கையாகாது. மூன்று தலைமுறைக்குப் பின் முதன்முறையாகக் கரையில் நின்று அழுவதற்கு யாரும் தேவைப்படாத பிரயாணம் அது.

நிற்க, இன்றைய உல்லாசக் கப்பலின் வரலாறு என்ன? 2022 ஜூன் மாதத்தில் 'எம்ப்ரஸ்' என்னும் கப்பலைச் சென்னையிலிருந்து தமிழ்நாட்டு முதல் மந்திரி கொடியசைத்து அனுப்பினார். கப்பலில் சூதாட்டம் நடக்கிறதென்று எதிர்ப்புக் கிளம்பியதால் அப்போது புதுவையில் பிரயாணிகளை இறக்க அனுமதி கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு ஜூன் 5ஆம் தேதி அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்கு மத்திய மந்திரி முன்னிலையில் புறப்பட்டது. அக்கப்பலைப் பழிப்பது நமது நோக்கமன்று. சென்னையில் ஏறிய ஒரு தமிழ்க் குடும்பம் சில நாட்களில் திருகோணமலையையும் யாழ்ப்பாணக் கரையையும் கண்டு திரும்பலாம் என்பதை அது காட்டிக்கொடுத்தது. சூதாட்ட விஷயத்தில் மட்டும் நாம் புதுவைக்காரர்களின் கட்சிதான். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நமது தேசத்துக் கடல் என்று 1976ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுக்கிறது. அந்த எல்லையைத் தாண்டியதும் சூதாட்ட மேஜையை விரிக்கலாமென்றால், தர்மமும் 12 மைலோடு முடிந்துவிடுமா? குழந்தைகளை முன்னிட்டு விளம்பரம் செய்யும் கப்பலில் தகப்பன்மார்களைச் சீட்டு மேஜைக்கு அழைக்க வேண்டியதில்லை.

2024 செப்டம்பரில் மத்திய சர்க்கார் ஆரம்பித்த திட்டமொன்று, கப்பல் உல்லாசப் பிரயாணிகளின் தொகையை ஐந்தாண்டுகளில் இரட்டிப்பாக்கப் போவதாகக் கூறுகிறது. யாரை இரட்டிப்பாக்குவது? ஏற்கெனவே போகக் கூடியவர்களே இருமுறை போனாலும் தொகை இரட்டிக்கும்!

உண்மையில் நமது ஜில்லாக்காரர்களுக்கு ஏற்ற கப்பல் வேறு. சென்னையிலிருந்து அந்தமானுக்கு சர்க்கார் கப்பல் பல்லாண்டுகளாகப் போய் வருகிறது. ஏறத்தாழ மூன்று நாள் பிரயாணம். தனியறைகளும் உண்டு, அடுக்குப் படுக்கைகள் போட்ட பொதுக் கூடமும் உண்டு. அடுக்குப் படுக்கையின் கட்டணம் சாதாரணக் குடித்தனக்காரர் எட்டக் கூடியது. அங்கே நீச்சல் குளம் கிடையாது. நாடக மேடையும் கிடையாது. ஆனால் விடியற்காலையில் தளத்தில் நின்றால் நான்கு திசையிலும் கரை தெரியாத நீல வட்டமும், அதிர்ஷ்டமிருந்தால் துள்ளும் மீன்களும் உண்டு. இதற்கு மேல் ஒரு குழந்தைக்கு என்ன வேண்டும்? இறங்கினால் 1906இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலர் சிறை இருக்கிறது. தேசத்துக்காகச் செக்கிழுத்தவர்களின் கதையைப் பாடப் புத்தகம் பாதிதான் சொல்லும், அந்த அறைகள் மீதியைச் சொல்லும். 1943 டிசம்பர் 30ஆம் தேதி நேதாஜி கொடியேற்றிய ஊரும் அதுவே. அவ்வூரின் பெயரை 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றினார்கள். ராஜேந்திரனின் கடற்படையை நினைவு கூர்வதாகச் சொல்லி, அவன் வென்ற ராஜ்யத்தின் பெயரை வைத்த விந்தையைக் கங்கைகொண்ட சோழபுரத்துப் பெரியவர்கள் பார்த்துச் சிரிக்கட்டும்.

தமிழ்ப் பேச்சு கேட்காத இடமன்று அது. நிக்கோபார்த் தீவுகளில் ஒன்றான கச்சாலின் ரப்பர்த் தோட்டத்தில், இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களைக் குடியேற்றினார்கள். அதே சமயம், தொல்குடிகள் வாழும் தீவுகளுக்குள் நாம் நுழையவே கூடாது. அவ்விஷயத்தில் சட்டம் கண்டிப்பாயிருப்பது சரியே. தீவு பிறர் வீடு; திறந்த வாசலுக்குத்தான் விருந்தாளி போகலாம்.

இவ்வளவு நல்ல மார்க்கமிருந்தும் நம்மவர் போகாததற்குக் காரணம் தேதிதான். இந்த மாதம் எந்த நாளில் கப்பல் புறப்படும் என்பது சில வாரங்களுக்கு முன்புதான் தெரிகிறது. தெரிந்த பின்னும் மாறுகிறது. அறுவடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையே பத்து நாள் ஒதுக்க வேண்டிய விவசாயி, தேதி தெரியாத கப்பலை நம்பி எப்படிப் புறப்படுவான்? தீவு வாசிகளுக்கு அந்தக் கப்பல் ஜீவாதாரம். அவர்களுடைய இடத்தைப் பிடுங்கச் சொல்லவில்லை. பங்குனி, சித்திரை மாதங்களில், கடல் பொதுவாக அமைதியாயிருக்கும்போது, குடும்பங்களுக்கென்று இரண்டு கூடுதல் நடைகளை விட்டு, அவற்றின் தேதியை தைப் பொங்கலுக்குள் அறிவிக்க வேண்டும் என்பதே நமது கோரிக்கை. டிக்கட்டை அரியலூர் ரயில் நிலையத்திலும் பெரம்பலூர் பஸ் நிலையத்திலும் வாங்க வசதி செய்யவேண்டும். இது முடியாத காரியமல்ல. கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்கு அங்குள்ள நிர்வாகமே 'சமுத்திரம்' என்ற பெயரில் ஐந்து நாள் சுற்றுப் பிரயாணம் நடத்தி வந்திருக்கிறது. இரவில் கப்பலில் உறக்கம். பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகள். அதை மலையாளக் கரையில் செய்யலாம், சோழமண்டலக் கரையில் செய்யலாகாதா?

இன்னும் கிட்டத்தில் இருப்பது நாகப்பட்டினம். ஜயங்கொண்டத்தில் காலையில் பஸ் ஏறி, அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்து, கும்பகோணம் வழியாக நண்பகலுக்குள் நாகைக்குப் போய்விடலாம். அங்கிருந்து காங்கேசன்துறைக்கு நான்கு மணி நேரக் கடல். 2023 அக்டோபர் 14ஆம் தேதி 'செரியபாணி' அம்மார்க்கத்தைத் திறந்தது; சில தினங்களில் மழையைக் காரணம் காட்டி நிறுத்திவிட்டார்கள். 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' ஓடத் தொடங்கிற்று, நவம்பரில் நின்றது, 2025 பிப்ரவரியில் மறுபடி புறப்பட்டது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடல் கொந்தளிக்கும் என்பது செம்படவன் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். ஆண்டில் இன்னின்ன மாதங்கள் ஓடும், இன்னின்ன மாதங்கள் ஓடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாருக்கும் ஏமாற்றமில்லை.

1906இல் தூத்துக்குடியில் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தபோது 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள் என்று வகுத்தார். சாதாரண ஜனங்களும் கப்பலில் பங்காளி ஆகட்டும் என்பது அதன் உட்கருத்து. அந்நியக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து அவரைக் கவிழ்த்தது. இன்றோ குறைந்த கட்டணத்துக் கப்பலை நாமே கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது!

அதுவரையில், அந்தமான் கப்பலிலேயே போகத் துணிகிற குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள். அடையாளச் சீட்டுகளை எல்லோருக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்குக் கீழ்ப் படுக்கையாகக் கேட்டு வாங்குங்கள். முதல் நாள் வயிற்றைப் பாதி நிரப்பினால் போதும். சுக்கும் எலுமிச்சம்பழமும் கைவசம் இருக்கட்டும். திரும்பும்போது பவளமும் சங்கும் பொறுக்கி மூட்டை கட்டாதீர்கள். உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றம். சிப்பிதான் வேண்டுமென்று குழந்தைகள் அடம் பிடித்தால், ஊர் திரும்பியதும் அரியலூரை அடுத்த வாரணவாசி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போய், அவற்றின் பாட்டன் பூட்டன்மாரைக் காட்டலாம்.